தம்மாமிலிருந்து வந்த பிரேக் வைத்தியம்

போன வாரம் எங்கள் குடியிருப்பில் லிஃப்ட்டைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்தார்கள். படியேறிய எனக்கு இரண்டாம் மாடியில் அந்த வாசனை மூக்கில் ஏறியது. கியர் ஆயில். பலருக்குக் குமட்டும். நான் நின்று ஆழமாக இழுத்தேன். பின்னால் வந்த பக்கத்து வீட்டுக்காரர், "மூச்சு வாங்குதா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மெகரு அக்காவைப் பற்றி மாடிப்படியில் நின்றா சொல்ல முடியும்? உங்களிடம் சொல்கிறேன்.

பி.காம். முடித்துவிட்டு, வங்கி வேலை என்னைத் தேடி வரும் என்ற நம்பிக்கையில் குத்தாலம் கடைத்தெருவில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை என்றால் பூத் நிரம்பிவிடும். சவுதியிலும் துபாயிலும் அன்று விடுமுறை. இங்கே பெஞ்சு முழுக்கப் பெண்கள், அங்கிருக்கும் கணவர்களின் போனுக்காகக் காத்திருப்பார்கள். அத்தர், மல்லிகை, அந்தக் கண்ணாடிக் கூண்டின் புழுக்கம். மெகரு அக்கா வந்தால் மட்டும் அதோடு கியர் ஆயிலும் சேர்ந்துகொள்ளும்.

அவருடைய கணவர் காதர் பாய் சவுதியில், தம்மாம் நகரத்தில் மண் அள்ளும் வண்டிகளுக்கு மெக்கானிக். போவதற்கு முன் ஒரு பழைய டிராக்டரை வாங்கி வீட்டில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். செல்வராசு என்பவரை டிரைவராக வைத்து, ஊரார் வயலுக்கு உழவு ஓட்டி அக்காதான் அதைக் கட்டிக் காத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை போனில் அக்கா சொன்னது: "மறுபடியும் சீல் போயிடுச்சுங்க."

நான் ஆபீஸில் குத்துகிற ரப்பர் முத்திரை என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய வண்டிக்கு முத்திரை எதற்கு, ஆர்.டி.ஓ. விவகாரமோ என்று கவலைகூடப் பட்டேன். படித்த படிப்பு அப்படி. பிறகுதான் விளங்கியது. பின்சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. உள்ளேயிருக்கும் ஆயில் கசியாமல் காப்பது அதுதான். அது ஒழுகினால் ஆயில் நேராக பிரேக்கில் போய் இறங்கும். எண்ணெய்க் கையால் விரால் மீனைப் பிடிக்கிற கதைதான் அப்புறம்.

டிராக்டரின் பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக். அந்த வாரம் இடது பிரேக் பிடிக்காமல் வலது மட்டும் பிடித்து, ஆற்றங்கரைச் சரிவில் வண்டி அப்படியே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வாய்க்காலுக்குள் விழாமல் ஒரு தென்னை மரம் தாங்கிக்கொண்டது. செல்வராசு இறங்கி வந்து, "எனக்கும் புள்ளகுட்டி இருக்குக்கா, இனிமே ஏற மாட்டேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ஊர் மெக்கானிக் புது சீல் போட்டுப் போட்டுப் பார்த்துச் சலித்திருந்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லா வயலும் உழவுக்குக் காத்துக் கிடந்தது.

காதர் பாய், "வித்துடு மெகரு" என்றார். கேட்டது எப்படி என்கிறீர்களா? "நீயும் கேளும்மா, நான் ஏதாவது மறந்துட்டா சொல்லு" என்று அக்காதான் என்னை ஸ்பீக்கரைப் போடச் சொல்லியிருந்தார்.

"வித்துட்டா நீங்க எதுக்குத் திரும்பி வருவீங்க?" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "வந்து என்ன தொழில் பண்ணுவீங்க? இது கெடக்குறதுனாலதான் நான் இங்க கெடக்குறேன்."

பெஞ்சிலிருந்த பெண்கள் கூண்டுப் பக்கம் திரும்பினார்கள்.

பிறகு காதர் பாய் சொன்னார்: "சரி. சக்கரத்தக் கழட்டி தண்ட வெளிய எடு. சீல் உக்கார்ற எடத்துல நகத்தால தடவிப் பாரு. நகம் மாட்டுதான்னு சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு நானும் போனேன். என் பங்கு, மண்ணெண்ணெய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஏறத்தான் மாட்டேன் என்றாரே தவிர, ஜாக்கி போட செல்வராசு வந்துவிட்டார். சக்கரம் கழன்றது, மூடி கழன்றது, உள்ளே பிரேக் கட்டைகள் கருவாடு வறுத்த சட்டிபோல ஆயிலில் ஊறிக் கிடந்தன. அக்கா தண்டைத் துடைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டினார்.

"மாட்டுதுடி" என்றார்.

அடுத்த போனில் காதர் பாய் எவ்வளவு ஆழம் என்று கேட்க, அக்கா யோசித்து, "மோதிரத்துல பேரு வெட்டுவாங்கள்ல, அவ்வளவு" என்றார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு விளக்கினார்: பழைய சீல் உரசி உரசித் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. எத்தனை புது சீல் போட்டாலும் அதே பள்ளத்தில்தான் உட்காரும், ஒழுகும். பின்னால் மெல்லிய வளையம் ஒன்றைக் கொடுத்து, சீலைக் கொஞ்சம் தள்ளி, தேயாத இடத்தில் உட்கார வைக்க வேண்டும். "பிரேக் கட்டையப் பெட்ரோல்ல கழுவி மாட்டிடாத. பாக்க நல்லாருக்கும், புடிக்காது. புதுசு வாங்கு."

வளையத்துக்குத் தகடு? அக்கா தன் கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பாத்திரக்காரரிடம் போனார். அவர் தயங்க, "வெட்டுங்க, வெத்தல பாக்க வேற தட்டுல வெச்சுக்கலாம்" என்றாராம். சீலைக் கோணாமல் இறக்க ஒரு மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினார். பூரிக்கு மாவைத் திரட்டுகிற பொறுமை அந்தக் கையில் இருந்தது.

எல்லாம் மாட்டியதும் செல்வராசு ஏறுவார் என்று பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார். அக்கா தலைமுக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு தானே ஏறினார். வீட்டு வாசலில் முன்னும் பின்னும் நகர்த்தித்தான் அவருக்குப் பழக்கம். அதே ஆற்றங்கரைச் சரிவில், அதே இடத்தில், வண்டியை இறக்கினார். பாதி வழியில் ரெண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி நின்றிருந்தது. மண்ணில் ரெண்டு தடமும் கோடு போட்டமாதிரி நேராக இருந்தன. செல்வராசு ஓடிப்போய், "எறங்குங்கக்கா, நான் எடுக்குறேன்" என்றார்.

அந்த வருஷ உழவெல்லாம் அந்த வண்டியில்தான் நடந்தது. சில வருஷம் கழித்துக் காதர் பாய் பெட்டியோடு வந்து இறங்கி, வீட்டை ஒட்டியே பட்டறை போட்டார். டிராக்டர்காரர்கள் ஏதாவது கேட்டால் அவர் வாயில் வருவது, "இருங்க, மெகருவக் கேட்டுச் சொல்றேன்."

எனக்குக் கல்யாணமாகிச் சென்னை வந்தேன். பூத்தும் போயிற்று, கண்ணாடிக் கூண்டும் போயிற்று, வெள்ளிக்கிழமைப் பெஞ்சும் போயிற்று. காதர் பாய் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். சென்ற ஆண்டு போய்ப் பார்த்தபோது பட்டறை வெறுமையாக இருந்தது. டிராக்டரைப் பெரம்பலூர்க்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஓட்டிப் போய்விட்டாராம்.

"இடது பிரேக் கொஞ்சம் சுருக்கப் புடிக்கும், பாத்து மிதிங்கன்னு சொன்னேன்" என்றார் அக்கா. "தலைய ஆட்டிட்டுப் போனாரு. ஆத்துப்பாலம் திரும்புற வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல."