மேஸ்திரி பெயருக்குக் கீழே

தொழிற்சாலையில் வருகை குறிக்கும் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்த மூன்றாம் மாதமே ஒரு குடும்பத்தைக் கலைக்கப் பார்த்தேன். தெரிந்து செய்யவில்லை. சொன்ன வேலையைச் சீக்கிரம் முடித்து நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசைதான்.

எங்கள் கம்பெனி வடக்கே புதிய தொழிற்சாலை ஒன்று திறந்தது. பெங்களூரை விட்டு அங்கே போகச் சம்மதமா என்று ஒவ்வொரு தொழிலாளியும் ரிஜிஸ்டரில் ‘வில்லிங்’ அல்லது ‘நாட் வில்லிங்’ எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஃபிட்டிங் ஷாப்பில் எதற்கும் முதல் கையெழுத்து கோவிந்தன் மேஸ்திரியுடையது. அவர் ‘வில்லிங்’ என்று எழுதினார். அடுத்த இருபத்தொரு பேரும் கீழே இரண்டிரண்டு கோடு போட்டு, ‘மேலே உள்ளபடியே’ என்று டிட்டோ ஆக்கிக் கையெழுத்திட்டார்கள். கடைசி ஆள் பொன்னுசாமி மட்டும் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

“எல்லாரும் போட்டாச்சுண்ணே. சங்கு ஊதப் போறாங்க” என்றேன்.

அவரும் டிட்டோ போட்டார்.

மறுநாள் காலை டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

“தம்பி, அந்தக் கோட்டை அழிக்க முடியுமா?”

“ஏண்ணே?”

“என் பொண்ணுக்குக் காது கேக்காது. ரெண்டு வருசம் நடையா நடந்து இப்பத்தான் அதுக்குன்னு இருக்கிற ஸ்கூல்ல எடம் கெடச்சுது. நம்ம வாயைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சிக்குது. அங்க போனா அவ்ளோதான்.”

“நேத்தே நாட் வில்லிங்னு எழுதியிருக்கலாமே?”

“மேஸ்திரி பேருக்குக் கீழயா? எனக்கு வேலை வாங்கிக் குடுத்ததே அவரு. அவரு போறேங்கிறாரு, நான் மாட்டேன்னு எழுதினா நல்லாவா இருக்கும்?”

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் எழுதப் படித்த முதல் ஆள் நான். என் அப்பா கைநாட்டு வைப்பதானாலும், முன்னால் யார் யார் வைத்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

பட்டியல் அன்று மத்தியானம் மேலே போக இருந்தது. பர்சனல் ஆபீசர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

“கையெழுத்து போட்டவங்க என்ன, சின்ன மக்களா, குழந்தைங்களா?” என்றார்.

“இல்ல சார். நான்தான் அவசரப்படுத்திட்டேன். இதுல இருபத்திமூணு கையெழுத்து இருக்கு. முடிவு ஒண்ணுதான் இருக்கு.”

ரிஜிஸ்டரைத் திருப்பி, வரிசையாக இறங்கிய கோடுகளைப் பார்த்தார்.

“மழை பெஞ்ச மாதிரி இருக்கே. சரி, நாளை சாயங்காலம் வரைக்கும் டைம். அதுக்கு மேல கேக்காதே.”

ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தேன். “இங்க எழுதாதீங்க. வீட்ல கலந்து பேசி, எழுதி மடிச்சுக் கொண்டாங்க.”

“வீட்லயா? என் பொண்டாட்டி என்னை மட்டும் அனுப்பிட்டு நிம்மதியா இருந்துக்குவா, குரு” என்றார் ஒருவர், பெங்களூர்ப் பாணியில் என்னை அழைத்து. ஷாப்பே சிரித்தது.

மறுநாள் சீட்டுகளைப் பிரித்தேன். ஒன்பது பேர் ‘நாட் வில்லிங்’. பொன்னுசாமியுடையது ஒன்று. இன்னொன்றில் இருந்த பெயரை இரண்டு தடவை படித்தேன். கோவிந்தன் மேஸ்திரி.

சீட்டில் இருந்தபடியே பட்டியலைத் திருத்தி மேலே அனுப்பிவிட்டு, நேரே அவரிடம் போய்க் கேட்டேன்.

“பசங்களுக்குப் போக ஆசைன்னு நெனச்சேன்பா. நான் பின்வாங்கினா அவனுங்க பயந்துடுவானுங்கன்னு எழுதினேன். எனக்கு எங்க போவணும்னு இருக்குது?”

பக்கத்தில் பொன்னுசாமி இரும்பை அராவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. அராவும் சத்தம் மட்டும் நின்றது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய முடிவு எதையும் இன்னொருவர் பெயருக்குக் கீழே நின்றுகொண்டு எடுக்காதீர்கள். மேலே எந்தப் பெயரும் இல்லாத ஒரு தாளில் முதலில் எழுதிப் பாருங்கள். மேஸ்திரிக்குக் காட்டும் மரியாதை வேறு, மகளின் பள்ளிக்கூடம் வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுத முடியாது.