ஜாபர் அண்ணாவும் பதினோராவது கட்டுரையும்

ஸ்பைரல் போடுவதற்கு முன்னால் ஜாபர் அண்ணா ஒரு காரியம் செய்வார். பிரதியெடுத்த தாள்கட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்தின் கடைசி இரண்டு மூன்று சொற்களை வாய்க்குள் முணுமுணுப்பார். கட்டைவிரலால் தாளைத் தள்ளிவிட்டு, அடுத்த பக்கத்தின் முதல் இரண்டு மூன்று சொற்களை அதோடு சேர்த்துக்கொள்வார். வாக்கியம் ஓடினால் தலை லேசாக ஆடும். இடறினால் மெஷினை நிமிர்ந்து பார்ப்பார், அது ஏதோ பொய் சொல்லிவிட்டதுபோல. பக்க எண்ணைப் பார்த்தால் போதாதா என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. வேறு யாரோ கேட்டபோது, "நம்பர் யார் வேணா போடலாம் தம்பி. பேச்சு ஓடணும்ல?" என்றார்.

அவருடைய ஜெராக்ஸ் கடை சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது. இரண்டு மெஷின்கள். லேமினேஷன் அவர் மனைவி ஷரீஃபா அக்காவின் பொறுப்பு. இந்தக் கடை போடுவதற்கு முன்னால் ஜாபர் அண்ணா பல்லாவரத்தில் ஒரு பைண்டிங் கடையில் எட்டு வருடம் இருந்தாராம். அங்கே ஒரு சபையின் பாட்டுப் புத்தகத்தில் பதினாறு பக்கம் இடம் மாறிப்போய், கல்யாணப் பாட்டுக்கு நடுவில் அடக்க ஆராதனைப் பாட்டு வந்துவிட்டது. முந்நூறு புத்தகத்தையும் பிரித்துத் திரும்பத் தைத்தவர் இவர்தான். அந்த முணுமுணுப்புப் பழக்கம் அப்போது தொற்றிக்கொண்டது. "என் கடைல பேஜ் மிஸ்ஸுன்ற பேச்சே கெடையாது" என்று அவர் சொல்லாத நாளில்லை.

எங்கள் எம்.ஏ. தமிழ் வகுப்புக்கான இலக்கியக் கோட்பாட்டுத் தொகுப்பும் அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. இருபத்து மூன்று கட்டுரைகள், எல்லாம் மொழிபெயர்ப்பு. ஒரே ஒரு பதிப்போடு நின்றுபோன புத்தகம். துறைத் தலைவர் லாசரஸ் சாரிடம் இருந்த பிரதி முடிச்சூரில் அவர் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது போய்விட்டது. கல்லூரி நூலகத்தில் இருந்ததை யாரோ எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை. அதற்கெல்லாம் முன்பே ஜாபர் அண்ணா எடுத்து வைத்திருந்த மூலப்படிதான் மிச்சம். எழுத்து பொடியாக இருந்ததால் கொஞ்சம் பெரிதாக்கி எடுத்திருந்தார். அப்படிப் பெரிதாக்கியதில் பக்கத்தின் அடிவிளிம்பு வெட்டுப்பட்டுப் போயிற்று, அச்சு எண்ணும் அதோடு போயிற்று. நீலப் பேனாவால் அவரே எண் போட்டார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கு இன்றுவரை தெளிவில்லை. அது இல்லாவிட்டால் அதில் எழுதிய இருபத்து மூன்று பேரில் ஒருவர் பெயரும் தாம்பரம்வரை வந்து சேர்ந்திருக்காது. ஒரு கவிதை எனக்கு ஏன் பிடிக்கிறது என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளச் சொன்னதும் அதுதான். ஆனால் ஒவ்வொருவரும் பத்துப் பக்கம் பேசிவிட்டு, பஸ் வந்துவிட்டதுபோலப் பாதியில் ஏறிப்போய்விடுகிறார்கள். ஒருவரை நம்பிக் கவிதையைத் திறந்தால் அடுத்தவர் வந்து அப்படிப் படிக்காதே என்கிறார். பரீட்சையில் இருவரையும் ஆளுக்கு ஐந்து மார்க்குக்கு எழுதினோம்.

என் வகுப்பில் படித்த ஜெரூஷா பதினோராவது கட்டுரையை வைத்துத்தான் ஆய்வேடு எழுதினாள். எழுதியவரை மறந்துவிட்டுக் கவிதையை மட்டும் பார் என்று ஐந்து பக்கம் வாதாடும் கட்டுரை அது. 141ஆம் பக்கம் இப்படி முடியும்: "எழுதியவரைத் தேடிப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்." 142 இப்படித் தொடங்கும்: "ஆகவே எழுதியவரிடம் போகாமல் எந்தக் கவிதையும் முடிவதில்லை." இந்தத் திருப்பத்துக்கு அவள் 'தாவல்' என்று பெயர் வைத்து, மூன்றாம் இயல் முழுவதையும் அதன்மேல் கட்டியிருந்தாள். லாசரஸ் சார் ஓரத்தில் சிவப்பு மையில் 'அருமை' என்று எழுதியிருந்தார். வண்டலூரில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. ஜூனுக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும்.

வாய்மொழித் தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் வெளித்தேர்வாளர் சுப்ரமணியனின் குறிப்பு வந்தது: '141க்கும் 142க்கும் இடையே தாள் விடுபட்டுள்ளதா? ஆம் எனில் மூன்றாம் இயலுக்கு அடிப்படையே இல்லை.'

நானும் அவளும் கடைக்குப் போனோம்.

"பேஜ் மிஸ் ஆயிருக்கான்னு பாருங்கண்ணா."

"என் கடைலயா? சான்ஸே இல்லமா."

பீரோவிலிருந்து மூலப்படியை எடுத்தார். முணுமுணுத்தார். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை தலை ஆடவில்லை.

"ஓடுது. ஆனா வேற ஆளு வந்து பேசற மாரி கீது."

"ஆத்தர் வேணும்னே பண்ணதுண்ணா அது. என் சாப்டரே அதான்."

"வேணும்னு பண்ணாரோ, நடுவுல கரண்ட்டு போச்சோ" என்றார் ஷரீஃபா அக்கா, லேமினேஷன் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் புக்கு எடுத்த அன்னிக்கு மூணு வாட்டி போச்சு. புக்க அப்டியே கவுத்து வெச்சுட்டு டீ குடிக்கப் போனீங்க."

"நானா?"

"பின்ன நானா?"

ஜாபர் அண்ணா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கே எப்படி வாய் வந்ததோ, "இந்தக் கட்டுரைய நீங்க படிச்சிருக்கீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"ஓரம் மட்டும் படிச்சிகீறேன் தம்பி. நடுவுல இன்னா கீதுன்னு உங்களுக்குத்தான தெரியும்?"



வெள்ளிக்கிழமை தேர்வு. இஸ்திரி போட்ட சட்டையில் ஜாபர் அண்ணா துறை வாசலில் நின்றிருந்தார். ஜெரூஷா எழுந்து பேசத் தொடங்குவதற்குள் உள்ளே வந்துவிட்டார்.

"சார், நான் ஜெராக்ஸ் கடைக்காரன். அந்தப் பக்கத்த நான்தான் வுட்டுட்டேன். பொண்ணு மேல தப்பில்ல."

சுப்ரமணியன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "நிச்சயமாத் தெரியுமா?"

ஜாபர் அண்ணா ஜெரூஷாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "தெரியும் சார்."

"அப்ப இந்தத் தாவல்?" இந்தக் கேள்வி ஜெரூஷாவுக்கு.

தாள் எதுவும் விடுபடவில்லை, கட்டுரையே அப்படித்தான் என்று அவள் நின்று வாதாடியிருக்கலாம். நான்கு நாளாக அதைத்தான் என்னிடம் ஒத்திகை பார்த்தாள். இப்போது ஆய்வேட்டை மூடிவைத்தாள். லாசரஸ் சார்தான் சிரிக்கப் பார்த்தார். "பத்து வருஷமா நானும் அதத்தான் நடத்திட்டிருக்கேன்" என்றார். வேறு யாரும் சிரிக்கவில்லை. படி பிழையானது, மாணவி பொறுப்பல்ல, மூன்றாம் இயலை நீக்கிவிட்டு இரண்டு வாரத்தில் சமர்ப்பித்தால் தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"தேங்க்ஸ்ணா" என்று அவரிடம் சொன்னவள், படியிறங்கும்போது என்னிடம், "எபி, நான் ஜெயிச்சேனா தோத்தேனா?" என்றாள்.

"பாஸ்."

"அது எனக்குத் தெரியாதா, லூசு."

அவளை பஸ் ஏற்றிவிட்டு நான் கடைப்பக்கம் போனேன். "நெஜமாவே வுட்டீங்களாண்ணா?"

"ஞாபகம் இல்ல தம்பி." மெஷின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வுடலன்னும் ஞாபகம் இல்ல. ஒரே பேஜாரா கீது."

அதன் பிறகு மூலப்படியில் 141க்கும் 142க்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகிவிட்டார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களின் ஸ்பைரலில் எல்லாம் அந்த வெற்றுத் தாள் உண்டு. சிலர் அதில் வகுப்புக் குறிப்பு எழுதினார்கள், ஒருத்தி ஆட்டோக்காரரின் நம்பர் எழுதியிருந்தாள். முணுமுணுத்துக்கொண்டே வரும் ஜாபர் அண்ணா அந்த இடத்தில் நிறுத்தி, தாளை ஒரு தடவை தடவிவிட்டு, புதிதாகத் தொடங்குவார். பேஜ் மிஸ் பற்றிய பேச்சை விட்டுவிட்டார். ஜெரூஷா இப்போது வண்டலூரில் பாடம் நடத்துகிறாள். நீக்கிய இயலைத் தனிக்கோப்பாக வைத்திருக்கிறாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை.

போன மாதம் நகரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில், கட்டுரைப் போட்டிப் பரிசு முத்திரை குத்திய அந்தத் தொகுப்பின் அச்சுப் பிரதி கிடைத்தது. நின்றபடியே 141ஐத் திறந்தேன். ஜாபர் அண்ணா பேனாவால் போட்ட எண்ணும் அச்சில் இருந்த எண்ணும் ஒன்றுதான். அதே தாளின் பின்பக்கம் 142. இடையில் எந்தப் பக்கமும் விடுபடவில்லை. 141இன் அடிவிளிம்பில், அவருடைய மெஷினில் விழாமல் போன அந்த வரியில், எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் இப்படி இருந்தது: 'இவ்விடத்தில் ஏழு பத்திகள் சுருக்கம் கருதி விடப்பட்டுள்ளன. தொகுப்பாசிரியர்.'