உச்சி வேளை உலக்கைச் சத்தம்

குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து நானும் என் கணவரும் வன்னிக்கு வந்தபோது எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. ஐம்பதுகளின் கடைசி. எங்கள் வாய்க்கால் ஓரத்தில் குடியேறியவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்கள். சட்டி பானையோடு அவரவர் ஊர்ப் பேய்களையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். ஊரில் அவற்றுக்குப் புளியமரம், பாழ்கிணறு, சுடலை என்று இருப்பிடம் இருந்தது. இங்கே காடு வெட்டிய வெளியில் அவற்றை எங்கே குடிவைப்பது என்று தெரியாமல் கொஞ்சக் காலம் எல்லோரும் தடுமாறினார்கள்.

முதல் ஆடி மாதத்திலேயே அதற்கு வழி பிறந்தது. வாய்க்காலுக்கு அப்பால் வெட்டாமல் விட்ட காட்டுக்குள்ளிருந்து, உச்சி வேளையில், உலக்கை இடிக்கும் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒரே தாளத்தில், கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு நின்றுவிடும். அந்தக் காட்டுக்குள் ஒரு காலத்தில் ஊர் இருந்ததாம். காய்ச்சல் வந்து சனம் அழிந்துபோனதாம். செத்தவர்களுக்குப் படைக்க ஒருத்தி தனியே நெல் இடித்தாளாம். இடித்தபடியே அவளும் செத்தாளாம். யார் முதலில் சொன்னார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். மத்தியானத்தில் வாய்க்காலில் உடுப்புத் தோய்ப்பதைப் பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ஆடியிலும் சத்தம் கேட்டது. அப்போது என் பக்கத்து வீட்டுக்காரி ஆறு மாதக் கர்ப்பிணி. அந்த வெளியில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். சத்தம் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போய் அடுப்போரம் இருந்துவிடுவாள். சோறு இறங்கவில்லை, நித்திரை இல்லை. காணியை விட்டுவிட்டு ஊருக்கே போவோம் என்று அவளுடைய கணவன் சொல்லத் தொடங்கினான்.

எனக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைவிட இன்னொன்று என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஏன் ஆடியில் மட்டும் இடிக்கிறாள்? நெல் என்றால் மாசியில் அல்லவா இடிக்கவேண்டும்? என் கணவரிடம் கேட்டபோது, பேயிடம் போய்ப் பஞ்சாங்கம் கேட்கவா என்று சிரித்தார்.

அவர் வயலுக்குப் போயிருந்த ஒரு நாள், இரும்பு கையில் இருந்தால் எதுவும் அண்டாது என்று பாக்குவெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்க்காலைக் கடந்து சத்தம் வந்த திக்கில் நடந்தேன். மாட்டுத் தடம் ஒன்று இருந்தது. கொஞ்சத் தூரத்தில் காடு விலகி, பெரிய இலுப்பை மரங்கள் வரிசையாக நின்றன. யாரோ நட்டு வளர்த்த வரிசை. அதன் நடுவே இடிந்த சுவர் ஒன்று, பக்கத்தில் பாதி மண்ணில் புதைந்த கல்லுரல். அதில் ஒரு பெண் இடித்துக்கொண்டிருந்தா.

ஐம்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் உலக்கை அந்தரத்தில் நின்றது. பேய்க்குக் கால் நிலத்தில் படாது என்பார்கள் அல்லவா, நான் அவவின் காலைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தினால், அவ என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"ஆளோ?" என்று கேட்டா.

"ஓம், ஆள்தான். வாய்க்காலுக்கு அங்கால இருக்கிறன்."

உலக்கையை மரத்தில் சாத்திவிட்டு அவ உட்கார்ந்தா. உரலுக்குள் இருந்தது நெல் இல்லை, இலுப்பைக் கொட்டை. அந்த இடிந்த சுவர் ஐயனார் கோயிலாக இருந்ததாம். கோயில் விளக்குக்கு எண்ணெய் எடுக்கவென்று நட்ட மரங்களாம் அவை. காய்ச்சலில் பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்ததால் சனம் ஊரைவிட்டு எழும்பி, முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டது. அவவின் மூத்த பிள்ளையையும் இந்தக் காட்டு மண்ணில்தான் புதைத்திருந்தார்கள். ஐயனாரைக் கொண்டுபோய்ப் புது இடத்தில் வைத்தாலும், விளக்குக்கு இந்த மரத்து எண்ணெய்தான் ஊற்றவேண்டும் என்பது அவவின் பிடிவாதம். கொட்டை விழுவது ஆடியில். காலையில் நடந்து வந்து, பொறுக்கி, காயவைத்ததை உடைத்து இடித்து, யானை இறங்கமுன் திரும்பிவிடுவா. உரலைத் தூக்கிக்கொண்டு போக ஆளில்லாமல் விட்டுப் போனதாம்.

எங்கள் பக்கம் வர அவவின் ஊர் ஆட்களுக்குப் பயம் என்றும் சொன்னா. "மரத்தையெல்லாம் தறிச்சுப்போட்டியள். அதில இருந்ததுகள் எங்க போறது, பிள்ளை? உங்கட வீடுகளுக்குள்ளதானே வந்திருக்கும்." அதைக் கேட்டு அன்று வீட்டுக்குள் நுழைய எனக்கு ஒரு கணம் கால் கூசியது உண்மை.

பக்கத்து வீட்டுக்காரியிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் இடுப்பில் முடிந்து கொண்டுவந்திருந்த இலுப்பைக் கொட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். நம்பினாள். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள். காணியை விடும் கதையும் அதோடு நின்றது. மழைக்காலத்தில் பளை ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த கையோடு, இலுப்பையடியில் பொங்க வேண்டும், கூட வா என்றாள். எனக்கு விளங்கவில்லை. இடித்தது மனுசி என்றுதான் தெரியுமே?

"தெரியும். ஆனா அதுக்கு முந்தியே நேந்துபோட்டன், பிள்ளையை ஒண்டும் செய்யாமல் விட்டிட்டால் பொங்கிறன் எண்டு. நேந்தது நேந்ததுதானே."

இரண்டு பேராகப் போனோம். உரலுக்கு மஞ்சள் பூசி, விளக்கு வைத்துப் பொங்கினோம். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் நாலு பெண்கள் வந்தார்கள். நான் கண்டதைச் சொன்னேன், அவர்களும் தலையாட்டிக் கேட்டார்கள்; கேட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். மாசி அறுவடை முடிந்தபோது அதற்கு உரலடி நாச்சியார் என்று பெயரும் வந்துவிட்டது. உச்சி வேளையில் நெல் இடித்துப் பிள்ளைத்தாய்ச்சியைக் காக்கிற தெய்வமாம்.

மறு ஆடியில் அவ வருவா என்று எனக்குத் தெரியும். காத்திருந்து ஒரு காலையில் போனேன். மஞ்சள் பூசிய உரலுக்கு முன்னால் அவ நின்றுகொண்டிருந்தா. இது ஆர் என்று கேட்டா. மறைக்க மனம் வரவில்லை.

"அது நீங்கள்தான், அம்மா. நீங்கள் இடிச்ச சத்தத்தைத்தான் கும்பிடுகினம்."

சிரிப்பா என்று எதிர்பார்த்தேன். அவ சிரிக்கவில்லை. "முந்தி இடிச்சது நான்தான்," என்றா. "இப்ப விளக்கு வைச்சுக் கூப்பிட்டிட்டியளே. ஆரோ வந்திருக்கும்." குனிந்து, உரலடியில் கிடந்த திருநீற்றை எடுத்துப் பூசினா.

அதன்பிறகு அவ அந்த உரலில் இடிக்கவில்லை. கொட்டையைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு போவா. அவ்வளவு தூரம் அந்தப் பாரத்தை ஏன் சுமக்கிறீர்கள், இந்த உரலிலேயே இடிக்கலாமே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். ஆரோ இருக்கிற உரலில் இடிக்கிறது சரியில்லை என்றா.

பொங்கல் வைத்த பிறகுதான் சத்தம் அடங்கியது என்று எங்கள் பெண்கள் புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சொன்னார்கள். அதில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.