இடுப்பில் கிடந்த சாவிக்கொத்து

இன்று காலை என் பேரன் பிரபுவுக்குத் தீயணைப்புத் துறையில் உடல்தகுதித் தேர்வு. ஏழு மணிக்கு மைதானத்துக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். இந்த முறை விட்டால் அவனுக்கு வயது தாண்டிவிடும்.

சேலையூரில் பஸ் ஏறினோம். முன் சீட்டில் எதிர் வீட்டு மாணிக்கம். வெள்ளம் வந்த அன்று எங்களைத் தன் வீட்டு மாடிக்கு விடாமல் கதவைப் பூட்டிக்கொண்ட மனிதர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தாம்பரம் வருவதற்குள் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது.

"சாவி குடுங்க! ஆயா இடுப்புல கொத்தா கீது பாரு!" என்று பஸ்ஸே கத்தியது.

எனக்கு அந்தப் பூட்டிய கதவுதான் கண்ணில் நின்றது. கை சாவிக்குப் போகவில்லை.

"சாவியெல்லாம் வேணாம், நகருங்க," என்றான் பிரபு. ஆம்புலன்சில் வேலை பார்ப்பவன். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே தன் பையை வைத்தான்.

"இன்னா தம்பி, சாவடிச்சிடுவியா?" என்றார் ஒருவர்.

கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது. மனிதர் கண் திறக்கவில்லை.

"டேய், கேட்டு சாத்திடுவாங்கடா, வா!"

"ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, வரட்டும் ஆயா. இவர விட்டுட்டுப் போய் அங்க யார காப்பாத்தப் போறேன்?"

ஆம்புலன்ஸ் வந்து ஏற்றியதும் பிடித்தான் ஓட்டம். பாதி சாத்திய கேட்டில் போலீஸ்காரர் திட்டிக்கொண்டே உள்ளே விட்டாராம். கயிறும் ஏறிவிட்டான். முடிவு இன்னும் வரவில்லை.

மாணிக்கம் பிழைத்துக்கொண்டார். எதிர் வீட்டுக்காரர்களே, பிரபு சொல்வதற்கு முன்பே நான் சாவி கொடுப்பதாக இல்லை. கொடுக்காததுதான் சரியான வைத்தியமாம். நான் என்ன செய்ய?