முப்பத்தேழு ஐட்டம் கிஃப்ட் பாக்ஸ்

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, கிஃப்ட் பாக்ஸில் எத்தனை ஐட்டம் போடுவீர்கள் என்பதுதான்.

"இருபத்தொண்ணு, முப்பத்தொண்ணு, அம்பத்தொண்ணு. மொய் மாதிரி ஒண்ணுலதான் முடியும். அதுல மாத்தமே கெடையாது தாயி" என்றார்.

நானும் நம்பிவிட்டேன். நான் தாயில்பட்டிக்காரி, எங்கள் வீட்டு மொய்யும் ஒன்றில்தான் முடியும். அது இரண்டாயிரங்களின் தொடக்கம். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸ், எனக்கு மூன்று மாத ட்ரயல். பெட்டிமேல் ஒட்டும் ஐட்டம் லிஸ்டை அச்சடிக்க சி பிளஸ் பிளஸ்ஸில் புரோகிராம் எழுத வேண்டும். லிஸ்ட் ஒட்டாமல் லோடு கிளம்பாது. என் புரோகிராமால் ஒரு லோடு நின்றாலும் பழையபடி கையெழுத்துதான், நானும் வீட்டுக்குத்தான் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பெட்டியின் விவரங்களை அடக்க ஒரு ஸ்ட்ரக்ட் எழுதி, எண்ணிக்கையை அதன் அச்சிலேயே பதிந்துவிடும் டெம்ப்ளேட் பாராமீட்டராக வைத்தேன்: பெட்டி<21>, பெட்டி<31>, பெட்டி<51>. புரோகிராம் ஓடும்போது பெட்டியை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குப் பட்டாசுப் பெயர்களைக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெட்டி பிறக்காது. என் சாமர்த்தியத்தை நினைத்து இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சீசன் தொடங்கியதும் வெளிமாநில வியாபாரி ஒருவர் இருபத்துநான்கு கேட்டார். அவர் ஊரில் மொய்யாவது ஒன்றாவது. டெம்ப்ளேட் எண் கம்பைல் செய்யும்போதே, அதாவது புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே, தெரிந்திருக்க வேண்டும், ஆனால் வியாபாரி வாய் திறப்பதோ அதற்கு அப்புறம். ஒரு வரி சேர்த்து மறுபடி கம்பைல் செய்தேன். அடுத்து இருபத்தொன்பது, அதற்கடுத்து முப்பத்துமூன்று. புது எண் வந்தால் நான் ஆபீஸில் இருந்தாக வேண்டும்.

காரியாபட்டியில் அக்கா நிச்சயதார்த்தத்துக்குப் போன அன்றுதான் முப்பத்தேழு வந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த என்னைப் போனுக்குக் கூப்பிட்டார்கள். ஆர்டர் எடுக்கும் பால்ராஜ் அண்ணாச்சி.

"லாரி நிக்குதும்மா. மொதலாளி பேனாவை எடுத்துட்டாக."

பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக பஸ் ஏறினேன். வழியெல்லாம் பயம். திருமங்கலம் தாண்டியதும் திடீரென்று புத்தியில் உறைத்தது, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எண்ணிக்கை இருக்க வேண்டிய இடம் டெம்ப்ளேட் இல்லை, கன்ஸ்ட்ரக்டர்! பக்கத்து சீட்டு அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஆபீஸில் முதலாளி ஒன்பதாவது பெட்டிக்குக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். நான் எண்ணிக்கையை கன்ஸ்ட்ரக்டருக்கு மாற்றினேன். டெம்ப்ளேட்டில் லேபிள் வகையை மட்டும் விட்டேன், உள்ளூருக்கு ஒன்று, வெளிமாநிலத்துக்கு ஒன்று. கம்பைலர் முறைத்தது. ஒவ்வொரு பட்டாசுக்குமான ஐட்டம் ஸ்ட்ரக்டுக்கு, பெயர் ஒன்றும் வாங்காத கன்ஸ்ட்ரக்டர் இல்லையாம். இன்னும் பெயர் வைக்காத பட்டாசுக்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா? அதையும் எழுதினேன். முப்பத்தேழு பெயரும் பிரின்டரில் கடகடவென்று இறங்கின, லாரி கிளம்பியது.

முதலாளி பேனாவை மூடிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து ஏழு அடித்தார், பதிமூன்று அடித்தார், நூற்றிரண்டு அடித்தார். எல்லாம் வந்தன. பேப்பர் கட்டு ஒன்று காலி.

புதிதாகப் புரோகிராம் எழுத வருகிறவர்களுக்கு இன்றும் நான் சொல்வது ஒன்றுதான். "மாத்தமே கெடையாது" என்று யாராவது சொன்னால், அந்த எண்ணை கன்ஸ்ட்ரக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்று என் ட்ரயல் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, உள்ளே முதலாளி போனில் யாரிடமோ பேசுவது கேட்டது.

"எம்புட்டு ஐட்டம் வேணும்னாலும் சொல்லுங்க. நம்ம கம்பெனில ஒரு புள்ளை இருக்கு."