எங்கள் தெரு சிவப்பான கதை

என் அம்மாவின் வேலை கிணறுகளுக்கு அளவெடுப்பது. நிலத்தடி நீர் அலுவலகத்தில் பதினாறு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவார். வெளியே இழுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து, தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று அட்டையில் எழுதுவார். மாதம் ஒருமுறை, பன்னிரண்டு கிணறுகள்.

பள்ளிப்படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல், இரண்டு வருஷமாக அவரை ஸ்கூட்டரில் ஏற்றிப் போகிறவள் நான். யாராவது கேட்டால், "நீரியல் துறையில் இருக்கிறேன்" என்பேன்.

அந்த அளவுகளை வைத்து அலுவலகம் வரைபடம் போடும். இந்த வருஷம் அதில் எங்கள் தெரு சிவப்பு. அதாவது தண்ணீர் வற்றிவரும் பகுதி, புதிதாகப் போர்வெல் போடக்கூடாது. எங்கள் விண்ணப்பமும் திரும்பி வந்தது. தெருக்குழாயிலிருந்து குடம் சுமக்கும் இடுப்பு என்னுடையது. அதனால் நான்தான் குதித்தேன்.

"எவன்மா இப்படி அளந்தது?"

"நான்தான்டி. கூட்டிட்டுப் போனது நீ."

அம்மா பழைய அட்டைகளைத் தரையில் பரப்பினார். எங்கள் தெருவுக்கு அளப்பது பள்ளிக்கூடக் கிணற்றில். பக்கத்திலேயே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். எட்டிலிருந்து பத்து மணிவரை ஓடும். அது ஓடினால் கிணற்றிலும் நீர் இறங்கிவிடும், திரும்ப ஏற மதியமாகும். அம்மா பஸ்ஸில் போன காலத்தில் ஏழு மணிக்கே அளந்திருக்கிறார். நான் சாரதி ஆன பிறகு நேரம் பத்து, பத்தேகால், ஒருமுறை பதினொன்று. ஏழு மீட்டரில் இருந்த தண்ணீர் பதினொரு மீட்டருக்குப் போயிருந்தது. ஒரு தெருவையே வறட்சியில் தள்ளியது என் தூக்கம்.

"இதைச் சொன்னா உன் வேலை போயிடும்மா."

"சொல்லாட்டி தெருவுக்கே தண்ணி இல்ல. வண்டியை எடு."

அலுவலகத்தில் பொறியாளர் எல்லாவற்றையும் கேட்டார். "அப்போ நீங்க எழுதினது தப்பா?"

"அளவு தப்பில்ல சார். ஒவ்வொரு தடவையும் நேரமும் எழுதியிருக்கேன். உங்க கம்ப்யூட்டர்ல நேரத்துக்குக் கட்டமே இல்ல."

அவர் அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கட்டம் இல்லைதான்.

"சரி, அதென்ன திடீர்னு பத்து மணி?"

அம்மா அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பதினாறு வருஷ வேலையை இழந்துவிடுவார் என்று தோன்றியது.

"நான் எந்திரிக்க லேட்டாகும் சார்."

"எத்தனை மணிக்கு எந்திரிப்பே?"

"எட்டரை... ஒன்பது."

அவர் ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

அம்மாவின் வேலை தப்பியது. மோட்டார் ஓடும் முன்னும் பின்னும் மூன்று மாதம் அளந்து தரவேண்டும், அதுவரை தெரு சிவப்புதான் என்றார் பொறியாளர்.

முதல் நாள் நாடா ஏழே கால் மீட்டர் காட்டியது. அம்மா அட்டையை என்னிடம் நீட்டினார்.

"நேரத்தை நீ எழுது."

காலை ஆறு முப்பத்திரண்டு. நடுவில் ஒரு கொட்டாவி வந்ததால், அந்த இரண்டு மட்டும் கோணலாக விழுந்தது.