இடுப்புக் கயிறு

கல்யாணமாகி இந்த லயன் வீட்டு வரிசைக்கு வந்த நாளிலிருந்து இசக்கியை எனக்குத் தெரியும். கட்டபெட்டுக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அவளைப்போல் கொழுந்து பறிக்க ஆளில்லை. வாயும் அப்படித்தான். சூப்பர்வைசர் எடையைக் குறைத்துச் சொன்னால் மலையே கேட்கிற மாதிரி சண்டை போடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு புண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் காய்ச்சலில் விழுந்தது அவள் வீட்டுக்காரர் மாரிச்சாமி அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் விறகுக்குப் போவார்கள். அவர் வெட்டுவார், இவள் சுமப்பாள். கிளினிக் டாக்டர் அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, வேட்டியைத் தூக்கச் சொல்லி, தொடையில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். உண்ணி கடித்து வந்த காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார். அந்த வாரமே மனுஷர் எழுந்து உட்கார்ந்து கறிக்குழம்பு கேட்டார். காட்டுக்குப் போகிற ஆம்பளைகளுக்கு வருகிற காய்ச்சல் என்று லயன் முழுக்கப் பேச்சு. அப்படியானால் விறகு சுமந்தவள் எந்தக் காட்டுக்குப் போனாளாம்?

அடுத்து அவள் படுத்தாள். மண்டையைப் பிளக்கிற வலி, உடம்பு நெருப்பு. அதே கிளினிக், அதே டாக்டர். உடம்பில் புண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கேட்டது அவளை அல்ல, அண்ணனை. அவரும் இல்லீங்க என்று சொல்லிவிட்டார். சேலை கட்டியவளை டாக்டர் அதற்கு மேல் பார்க்கவில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடிவயிற்றில் புண் இருப்பது இசக்கிக்குத் தெரியும். கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் பிளாஸ்டிக் சீட்டைச் சுற்றி, இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டுவோம். கயிறு அறுத்து அறுத்து எங்கள் எல்லோர் இடுப்பும் புண்ணும் தழும்பும்தான். மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவோம். இதையும் அதில் ஒன்று என்று நினைத்துவிட்டாள். கயிற்றுப் புண்ணை எவளாவது டாக்டரிடம் போய்ச் சொல்வாளா?

வாரம் திரும்புவதற்குள் மூச்சு வாங்கியது. ஒன்றுக்குப் போவதும் நின்றது. ஜீப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அண்ணன் சீட்டு எழுத ஓடினார். நர்சோடு சேர்ந்து நான்தான் அவள் துணியைத் தளர்த்தினேன். கயிறு பதிகிற இடத்துக்குக் கீழே, வயிற்று மடிப்பில், அதே கறுப்புப் பொருக்கு. அங்கிருந்த டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. அண்ணனைக் காப்பாற்றிய அதே மருந்தைத்தான் ஊசி வழியாக ஏற்றினார்கள். முன்னமே கொடுத்திருந்தால் மாத்திரையிலேயே தீர்ந்திருக்கும், இப்போது கிட்னி வேலை செய்யவில்லை என்றார்.

அவர் நகர்ந்ததும் இசக்கி என் கையைப் பிடித்தாள். எப்படியாவது காப்பாற்றச் சொல்வாள் என்று குனிந்தேன்.

"அக்கா, டாக்டர் சேலைய வெலக்கிப் பாத்தாருன்னு அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள், பாவி மகள்.

அண்ணன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் இதே காய்ச்சல்தானே, நான் பிழைத்தேனே, இவளுக்கு மட்டும் ஏன் இப்படி என்று என்னையே கேட்டார். சொல்ல மாட்டேன் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

"டாக்டர் சேலைய வெலக்கிப் பாத்தாருங்ண்ணா," என்றேன். "ஊட்ல நீங்க ஒருக்கா பாத்திருந்தா அவ இருந்திருப்பாளுங்க."